நாலாவது வாரம் நிச்சயதார்த்தம்

வேம்பு எழுதிக் கொண்டுவந்த டி.வி. நாடகத்தைப் படிக்கப் படிக்க சுந்தரவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷமாகக் காதலிக்கிற ஒரு ஜோடிக்கு ஒருவழியாக நிச்சயதார்த்தம் நடக்கிற கதை. வாரம் அரை மணியாக நாலு வாரம். நாலாவது வாரம்தான் தட்டு மாற்றுகிறார்கள். முழுக்க முழுக்கச் சிரிப்பு. ஆனால் கதாநாயகியின் வசனத்தில் பாதிக்குமேல் சுந்தரவல்லி பேசியது. நாகேஸ்வரராவ் பார்க்கில், லஸ் முனையில், மூக்கைச் சிந்திக்கொண்டே அவனிடம் பேசியது.

"இதெல்லாம் நான் அழுதுண்டு சொன்னதாச்சே!"

"அதனாலதான் நிஜமா இருக்கு. ஜனங்க வயித்தைப் பிடிச்சுண்டு சிரிக்கப் போறா, பாரு."

அவளுக்கு முப்பத்தொரு வயது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட். அறுபத்தெட்டில் சபா நாடகக் குழுவில் சேர்ந்த முதல் மாதமே வேம்புவோடு பழக்கம். "மூணு தங்கை இருக்கா, அவாளைக் கரையேத்தணும்" என்றான். காத்திருந்தாள். கடைசித் தங்கைக்கும் போன தை மாதம் கல்யாணமாகிவிட்டது. இப்போது, "அம்மாகிட்ட பேசிண்டுதான் இருக்கேன், அவ பிடி குடுக்க மாட்டேங்கறா" என்கிறான்.

நாடகத்தில் நடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேறு ஒருத்தி அந்த வசனத்தைப் பேசுவதை நினைத்தால் அதைவிட வயிறு எரிந்தது. நடித்தாள்.

அவர்கள் தெருவில் டி.வி. இருந்தது சூடாமணி மாமி ஆத்தில் மட்டும். முதல் வாரம் கூடம் கொள்ளாத கூட்டம். "தலை நரைச்சப்புறம்தான் தாலி கட்டுவேளா?" என்று டி.வி.யில் அவள் கேட்டதும் கூடமே அதிர்ந்தது. அவளுடைய அப்பா மட்டும் சிரிக்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவரிடம் அவள் எதையும் சொன்னதில்லை. ஆனால் வந்த வரன்களையெல்லாம் அவள் தட்டிக் கழித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

மூன்றாவது வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சுந்தரவல்லி மந்தைவெளியில் வேம்பு வீட்டுக்குக் கிளம்பினாள். அவன் வேறொரு நாடக ஒத்திகைக்குப் போயிருந்தான். அவன் அம்மா ஜலஜா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாடிம்மா! என்னமா நடிக்கறே! நாடகத்துல அந்தப் பிள்ளையாண்டானோட அம்மா இருக்காளே, அப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரி உண்டோ?"

சுந்தரவல்லி அவள் எதிரில் உட்கார்ந்தாள். "மாமி, அவர் உங்ககிட்ட என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?"

"சொல்லுவானே. வசனத்தை ஒருதரம் படிச்சா போறும், உனக்கு மனப்பாடம்னு."

"வேற?"

ஜலஜாவின் கை நின்றது. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். "என்னடி சொல்றே? எத்தனை நாளா?"

"ஒன்பது வருஷமா, மாமி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையேடி, பாவி!" என்றாள் அந்த அம்மாள். அது மகனைத்தான்.

நாலாவது வாரப் பகுதியை எடுக்கிற அன்று ஸ்டூடியோ வாசலிலேயே வேம்பு பிடித்துக்கொண்டான். "அம்மாகிட்ட நீ ஏன் போனே? நாடகம் முடிஞ்சதும் நானே சொல்லியிருப்பேன்."

"அவ பிடி குடுக்கலைன்னேளே. கேட்டாத்தானே குடுக்கறதுக்கு?"

"பயமா இருந்தது. கோச்சுண்டா என்ன பண்றதுன்னு..."

இதற்கா ஒன்பது வருஷம்? அவளுக்கு அவனை உலுக்க வேண்டும்போல் இருந்தது. உள்ளே விளக்கைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார்கள். நிச்சயப் புடவையில் அவள் வெட்கப்பட வேண்டிய காட்சி. மூன்று தடவை எடுத்தும் வெட்கம் வரவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொள்ளச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

மறு வாரம் ஜலஜாவே பூ, பழத்தோடு பெண் கேட்டு வந்துவிட்டாள். பின்னால் வேம்பு, புது வேஷ்டியில். அப்பா மகளைப் பார்த்தார்.

"உனக்குச் சம்மதமாம்மா?"

"இல்லைப்பா. மாமி, உங்க மேல ஒரு வருத்தமும் இல்லை. இவரோட என்னால முடியாது."

வேம்பு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் எழுதிக்கொடுத்தால் மற்றவர்கள் பேசுவார்கள். தனக்காகப் பேச அவனுக்கு என்றைக்கும் வந்ததில்லை.

அவள் குழுவை விட்டு விலகினாள். ராத்திரியெல்லாம் அழுதாள் என்று சொல்ல முடியாது, எரிச்சல்தான் அடங்கவில்லை. அதை அடங்கவிடவும் மாட்டார்கள் போலிருந்தது. அந்த வருஷம் முழுக்க, தண்ணித்துறை மார்க்கெட்டில் கீரைக்காரி சுப்பம்மா அவளைக் கண்டால் விடமாட்டாள்.

"இன்னாம்மா, டி.வி.ல நிச்சயம் ஆயிடுச்சே, கல்யாணம் எப்போ வச்சிக்கிறாங்க?"

"முளைக்கீரை ரெண்டு கட்டு குடு" என்பாள் சுந்தரவல்லி.