தாடையில் தடவிய சந்தனம்

சிக்கல் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மூன்று வருடத்தில் முருகலட்சுமி யாரையும் தன் முகத்தருகே வரவிட்டதில்லை. மிளகாய்ப் பழம் எடுக்கும்போது தாடை மறையத் துண்டு கட்டிக்கொள்வாள். கேட்டால் நெடி என்பாள்.

தாடையில் முடி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்தக் கேலி தாங்காமல்தான். கல்யாணத்துக்கு முன் ராமநாதபுரத்து டாக்டரம்மா ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். "இது முடியை எடுக்காதும்மா. வளர்ற வேகத்தைத்தான் குறைக்கும். நிறுத்தினா ரெண்டு மாசத்துல பழையபடி வந்துரும்."

காலையும் மாலையும் பூச வேண்டும். பூசினால் நாலு மணி நேரம் முகம் கழுவக் கூடாது. முகம் கழுவி விளக்கேற்றச் சொல்வார் மாமியார்; அதன் பிறகே பூசுவாள். மிஞ்சிய முடிகளை, கருவேல முள் எடுக்கும் முள்வாங்கியால் பிடுங்கிவிடுவாள். புருஷன் மாரிச்செல்வத்துக்குக்கூடத் தெரியாது.

கர்ப்பம் என்றதும் டாக்டரம்மா களிம்பை நிறுத்தச் சொன்னார். "பிள்ளை பால்குடி மறக்கிற வரைக்கும் வேணாம்." அதன்பின் தினமும் முள்வாங்கிதான்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். இரண்டு நாள் முன்னதாகவே நாத்தனார் உமாமகேஸ்வரி வந்துவிட்டாள். "வாயும் வயிறுமா இருக்கவளத் தனியா விடலாமா?" என்று குளியலறை வாசல்வரை கூடவே வந்தாள். முள்வாங்கியைத் தொட வழியில்லை.

மணையில் உட்கார வைத்தார்கள். சந்தனம் பூச வந்தவர்களுக்கெல்லாம் தலையைக் குனிந்து கன்னத்தை மட்டும் காட்டினாள். நாத்தனார் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். கை அப்படியே நின்றது.

"ஏத்தா, என்னமோ குத்துதே! அம்மா, இங்கன வந்து பாரு. முடி!"

மாமியார் வீரலட்சுமி கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு மகளை அதட்டினார்.

"அடி கூறுகெட்டவளே, வயித்துல ஆம்பளப் புள்ள இருந்தா இப்படித்தான் முளைக்கும். பெத்ததும் தன்னால கொட்டிரும்."

"மாரிக்கே மீசை ஒழுங்கா வரல. மகன் அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டானா!" என்று யாரோ சொல்ல, சிரிப்பும் குலவையும் கூடத்தை நிறைத்தன.

கொட்டாது என்பது அவளுக்குத் தெரியும். இன்னும் மூன்று மாதம்தான். பிறப்பது பெண்ணாக இருந்துவிட்டால்? எழப் பார்த்தாள். "அசையாதத்தா, வளையல் உடைஞ்சிரும்" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

நாத்தனார் வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏலே மாரி, உன் மகன் மீசையத் தொட்டுப் பாக்க வாலே!"

மாரிச்செல்வம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.