ஆற்காட்டுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தோல், அந்தப் பக்கம் உப்பு

1998 ஏப்ரல், பக்ரீத் நாள். காலை 9.40 மணிக்கு ஆம்பூரிலிருந்து இரண்டு வண்டிகள் கிளம்பின. முன்னால் ஒரு வேன். அதை ஓட்டியவர் நசீர் பாய், பக்கத்தில் நான். பின்னால் உப்பு மூட்டைகளோடு ஒரு லாரி. அதில் ஓட்டுநர் முனுசாமியும், நசீர் பாயின் சம்பந்தி கலீல் சாகிபும். இரண்டு வண்டியிலும் பேசவும் கேட்கவும் கூடிய ரேடியோ ஒவ்வொன்று. அவற்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பாவத்துக்காகத்தான் பள்ளி விடுமுறை நாளில் வேலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து, பன்னிரண்டு ரூபாய் டிக்கெட் எடுத்து, ஆம்பூர் வந்து இறங்கியிருந்தேன்.

நான் இயற்பியல் வாத்தியார். நசீர் பாயின் மகள் என்னிடம் பிளஸ் டூ படித்தவள். இப்போது அவள் கலீல் சாகிபின் மருமகள். நசீர் பாய்க்குத் தோல் வாங்கி விற்கும் தொழில். பக்ரீத் அன்று குர்பானியாக ஆடு அறுக்கிறவர்கள் அதன் தோலை மதரசாவுக்குத் தானமாகக் கொடுத்துவிடுவார்கள். மதரசாக்காரர்கள் அதை மொத்தமாக விற்று, தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுவார்கள். ஆனால் அந்த வெயிலில் பச்சைத் தோல் அஞ்சாறு மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் உப்புப் போடாவிட்டால் மயிர் கழன்று வரும். கழன்றால் தோல் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதை எந்தத் தொழிற்சாலையும் தொடாது.

போன வருஷம் வாலாஜாபேட்டை அருகில் ஒரு மதரசாவில் அதுதான் நடந்தது. நசீர் பாய் வேனில் போய் உட்கார்ந்திருக்க, உப்பு லாரி வேறு ஊருக்குப் போய்விட்டது. சொல்லி அனுப்ப வழியில்லை. பாதித் தோல் பாழ். இந்த வருஷம் அந்த மதரசாவை நடத்தும் மௌலவியின் கையைப் பிடித்துக் கெஞ்சி இன்னொரு வாய்ப்பு வாங்கியிருந்தார்.

"இந்த வாட்டியும் போச்சுன்னா அந்த வாசல்ல நான் காலே வைக்க முடியாது சார். எனக்கு நஷ்டம்னா பரவால்ல. அங்க அறுபது புள்ளைங்க சாப்புடணும்" என்றார். வண்டி ஓட்டும்போதே சொன்னார், திரும்பித் திரும்பிச் சொன்னார். எனக்குச் சாதாரண நாளிலேயே கவலை ஜாஸ்தி. கேஸ் அடுப்பை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போகிறவன். அவர் பேசப் பேச, ரேடியோவின் வயரைக் குனிந்து குனிந்து தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ரேடியோ கதையைச் சொல்லிவிடுகிறேன். இதற்காக இரண்டு சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவில் அலைந்தோம். கையில் பிடிக்கும் வாக்கி டாக்கிதான் நசீர் பாய்க்குப் பிடித்தது. பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் கட்டிடங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பேசாது. வண்டியில் பொருத்தும் செட்டுக்கு இருபத்தைந்து வாட் சக்தி. கூரையில் நல்ல ஆன்டெனா வைத்தால் சமவெளியில் பதினைந்து, இருபது கிலோமீட்டர் போகும். அளவும் ஒரு டிபன் பாக்ஸ்தான். டேஷ்போர்டுக்கு அடியில் அடங்கிவிடும். ஒன்று பதினோராயிரத்து ஐந்நூறு. லைசென்ஸ் வர ஐந்து மாதம் ஆனது. லாரியில் இருபத்துநான்கு வோல்ட், செட்டுக்குப் பன்னிரண்டே போதும் என்பதால் நடுவில் ஒரு கன்வர்ட்டரும் மாட்டினோம். பேட்டரியிலிருந்து நேராக வயர், அதில் ஃபியூஸ். ஆன்டெனாவைக் கூரையின் நட்ட நடுவில் வைக்க வேண்டும் என்று மெக்கானிக்கோடு சண்டையே போட்டேன். இயந்திரத்தைப் பொறுத்தவரை நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

பேசும் முறையையும் கற்றுக் கொடுத்தேன். பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். நாம் அமுக்கியிருக்கும்போது எதிராளி பேசுவது நம் காதில் விழவே விழாது. முக்கியமான செய்தி என்றால் எதிராளி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். நசீர் பாய் பதறிவிட்டார்.

"இன்னா சார் இது? சம்பந்தியப் போயி 'நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க'ன்னு எப்டி கேக்குறது? ஸ்கூல் புள்ளையா அவரு?"

நியாயமாகத்தான் பட்டது. சரி, அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

10.35. பள்ளிகொண்டா. ஆம்பூரிலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர். கோயிலுக்கு வந்த பஸ் ஒன்று சாலையோரம் நின்றது. இங்கே ஒரு மசூதியில் எண்பது தோல். அதற்கு உப்புப் போட்டு ஏற்றிக்கொண்டு லாரி பின்னால் வர வேண்டும், நாங்கள் முன்னால் போய் வாலாஜாவில் தோலை எடுத்து நிழலில் பரப்ப வேண்டும் என்று ஏற்பாடு. பிரிந்த இரண்டு நிமிஷத்தில் ரேடியோ கூப்பிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி!"

"வ அலைக்குமுஸ்ஸலாம்! நல்லா கேக்குது சம்பந்தி!"

வேலூர்க் கோட்டை வருவதற்குள் இப்படி ஆறு முறை. செட் வேலை செய்கிறதா என்று பார்க்க இருவரும் மாறி மாறி சலாம் சொல்லிக்கொண்டார்கள். சலாமுக்குப் பிறகு வேறு சேதி எதுவும் இல்லை. வேலூரைத் தாண்டியதும் குரல் தேய்ந்து நின்றது. தூரம் அதிகம், அவ்வளவுதான் என்று நசீர் பாய்க்குச் சொன்னேன். எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

11.50. ஆற்காட்டுப் பாலம். பாலாற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, கரையிலிருந்து கரைவரை மணல். பாலத்தைக் கடந்து ராணிப்பேட்டை வழியாக மதரசாவை அடைந்தபோது 12.10. முற்றத்துப் பந்தலின் கீழ் ஒரே குவியலாக இருநூற்று அறுபது தோல்கள். மௌலவி சாகிப் ஒல்லியானவர், அதிகம் பேசாதவர். "முதல் தோல் எட்டரைக்கு வந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அப்படியென்றால் இரண்டரை மணியைத் தாண்டக் கூடாது. நசீர் பாய் பண்டிகைச் சட்டையைக் கழற்றி வேனில் போட்டுவிட்டுக் குவியலைக் கலைக்க ஆரம்பித்தார். நானும் கலைத்தேன். அடியில் இருந்த தோல்கள் கைக்குச் சூடாக இருந்தன. அந்தச் சூடு நல்லதல்ல என்று எனக்குக்கூடத் தெரிந்தது.

12.40. தோல் கொடுக்க ராணிப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தவர் ஒரு தகவலும் கொண்டுவந்தார்.

"பாலத்துல இரும்பு லோடு ஒண்ணு அச்சு முறிஞ்சி குறுக்கால நிக்குது. ரெண்டு பக்கமும் வண்டி அப்டியே நிக்குதுங்க. கிரேன் வந்தாதான் ஆவும்."

லாரி அந்தப் பாலத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் வேறு வழி இருக்கிறது. வேலூரிலேயே திரும்பி, காட்பாடி, திருவலம் வழியாக வந்தால் ஆற்காட்டுப் பாலம் குறுக்கிடாது. ஆகவே லாரியிடம் உடனே சொல்ல வேண்டும். வேனை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு விரைந்தோம். நசீர் பாய் மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் இல்லை. நான் மனசுக்குள் பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

12.58. கரகரவென்று ஒரு சத்தம். லாரி தூர எல்லைக்குள் வந்துவிட்டது. நசீர் பாய் ஒரே மூச்சில் பேசினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி, ஆற்காட்டுப் பாலம் அடைச்சிருக்கு, அந்தப் பக்கம் வராதீங்க, காட்பாடி வழியா வாங்க, திருவலம் வழியா வாங்க!"

பட்டனை விட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து கணீரென்று வந்தது: "...வ ரஹ்மத்துல்லாஹி வ பரகாத்துஹு."

"கேட்டுட்டாரு சார்!" என்று என் தோளைத் தட்டினார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ரேடியோவுக்குப் போட்ட காசு இந்த ஒரு நிமிஷத்திலேயே வசூலாகிவிட்டது என்று பெருமைகூட வந்தது. அந்தப் பெருமையை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மதரசாவுக்குத் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திருவலம் வழியாக ஒரு மணி நேரம் ஆகும். 1.55க்கு வேனிலிருந்து ரேடியோ அழைத்தது. சலாம் முடிந்து கலீல் சாகிப் சொன்னார்:

"பாலத்துல ஒரே பேஜாரா இருக்கு சம்பந்தி. அரை மணியா நிக்கிறோம். பின்னாலயும் வண்டிங்க வந்து அடைச்சிக்கிச்சி. முன்னயும் போவ முடில, பின்னயும் போவ முடில."

நசீர் பாய் மைக்கை இழுத்துப் பிடித்தார். "பாலத்துலயா? காட்பாடி வழியா வாங்கன்னு சொன்னேனே!"

"எப்ப சொன்னீங்க? சலாம் சொன்னீங்க, நான் பதில் சொன்னேன். அப்பறம் சத்தமே இல்லியே. காலையிலேர்ந்து பண்ற மாதிரி செக் பண்றீங்கன்னு நெனச்சேன்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நசீர் பாய் சலாம் சொன்ன அடுத்த நொடியே கலீல் சாகிப் பட்டனை அமுக்கிவிட்டார். சலாம் சொன்ன சம்பந்திக்கு உடனே, நிறுத்தி நிதானமாக, முழுசாகப் பதில் சொல்வதுதானே மரியாதை? அவர் சொல்லி முடிக்கும்வரை நசீர் பாயின் பேச்சு ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. அந்தப் பதிலின் வால் எங்கள் காதில் விழுந்தபோது, செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். திருப்பிச் சொல்லச் சொல்லியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அது வேண்டாம் என்று விட்டவன் நான்.

வாலாஜா உப்பு மண்டி பண்டிகைக்காகப் பூட்டிக் கிடந்தது. மளிகைக் கடைகளில் பாக்கெட் உப்பு பத்துப் பதினைந்து கிலோ தேறியது. அது எந்த மூலைக்கு? மணி 2.10. பாலத்துக்கு இந்தப் பக்கம் தோல், அந்தப் பக்கம் உப்பு.

நசீர் பாய் மைக்கை எடுத்தார். "சம்பந்தி, எட்டு மூட்ட போதும். எப்டியாவது இந்தக் கரைக்கு அனுப்புங்க. நான் வேனோட ராணிப்பேட்டை முனையில நிக்கிறேன்." பட்டனை விட்டுவிட்டுக் காத்திருந்தார். பதில் வந்தது: "எட்டு மூட்ட. ராணிப்பேட்டை முனை. அனுப்புறேன்." யாரும் கேட்காமலே திருப்பிச் சொன்னார்.

2.25. பாலத்தின் முனையில் நின்றோம். பஸ்கள், லாரிகள், ஹாரன் சத்தம். அந்த நெரிசலில் சைக்கிள்களால் மட்டுமே நுழைய முடிந்தது. முனுசாமி அங்கே நின்றிருந்தவர்களிடம் மதரசா விஷயத்தைச் சொல்லி சைக்கிள் கேட்டிருக்கிறார். கேரியரில் ஆளுக்கொரு மூட்டையோடு எட்டுப் பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதல் ஆள் நெற்றியில் விபூதி வைத்த ஒரு பால்காரர். கடைசி ஆள் கலீல் சாகிப். அறுபத்திரண்டு வயது, வெள்ளை ஜிப்பா, தோளெல்லாம் உப்பு. மூச்சு வாங்கியதில் அவரால் பேச முடியவில்லை. நசீர் பாய் ஓடிப்போய் சைக்கிளை வாங்கிக்கொண்டார்.

2.50க்கு மதரசா. மௌலவி சாகிப் உட்பட இருந்த எல்லாரும் உப்பை அள்ளித் தேய்த்தோம். என் விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. 3.40க்கு முடிந்தது. அடியில் இருந்த தோல்களை மட்டும் மௌலவி தனியே வைக்கச் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு விரலால் மயிரைப் பற்றி இழுத்துப் பார்த்தார். வரவில்லை. வரவில்லை. அடுத்ததில் கொத்தாக வந்தது. நசீர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மொத்தம் பதினொன்று போயிருந்தது. மௌலவி கையைக் கழுவிக்கொண்டு வந்து, "அடுத்த வருஷம் ஏழு மணிக்கே வந்துடுங்க" என்றார். அவ்வளவுதான். நசீர் பாய் அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கிரேன் வந்து பாலம் திறந்து, லாரி வந்து தோலை ஏற்றி முடிக்க ஆறு மணி ஆயிற்று. கலீல் சாகிபிடம் தப்பு என்னுடையது என்றேன். அவர் ஜிப்பாவில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"நாளைக்கே திரும்ப இப்டி ஆனாலும், சலாம் சொன்னா நான் பதில் சொல்லாம இருக்க மாட்டேன் சார். நீங்கதான் அதுக்கு ஏத்தாப்ல ஒரு ரூல் போடணும்."

போட்டேன். முதலில் சலாம், அத்தோடு பட்டனை விட வேண்டும். பதில் முழுசாக வந்த பிறகுதான் சேதி. ஒரு தாளில் எழுதி இரண்டு செட்டின் மேலும் ஒட்டினேன். வாட்டையும் வோல்ட்டையும் பற்றிக் கடைக்காரரிடம் நூறு கேள்வி கேட்டவன், இதைப் பேசப் போகிறவர்கள் எப்படிப் பேசுகிறவர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

இரவு ஏழேகாலுக்கு வேலூரில் என்னை இறக்கிவிட்டார்கள். வீட்டில் மனைவி காபி கொடுத்துவிட்டு, "ரேடியோ நல்லா வேல செஞ்சுதா?" என்று கேட்டாள்.

"செஞ்சுது. ஒரு கோளாறும் இல்ல" என்றேன். அது உண்மைதான். காபி ஆறிக்கொண்டிருந்தது. பதினோரு தோல் என்றால் அறுபது பிள்ளைகளுக்கு எத்தனை நாள் சோறு என்று மௌலவியிடம் கேட்க நினைத்து, வாய்வரை வந்து, கேட்காமலே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ பக்ரீத்துக்கு அந்த வாசலுக்குப் போயிருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.