இறுகக் கட்டிய பெட்டி

குவைத்தில் ஜெக்கரியாவின் அறையிலிருந்து யார் ஊருக்குக் கிளம்பினாலும் பெட்டி கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். டீ செட்டைக் கம்பளிக்குள் சுருட்டி அட்டைப்பெட்டியில் இறக்குவார். முழங்காலால் அழுத்திக்கொண்டு நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுப்பார். உள்ளே எதுவும் அசையக்கூடாது, அசைவதுதான் உடையும் என்பது அவர் கொள்கை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கோப்பைகூட அதைப் பொய்யாக்கியதில்லை.

2009-இல் கூத்தாநல்லூருக்கு விடுமுறையில் வந்தபோது அப்படிக் கட்டிய பெட்டிக்குள் ஒரு லேப்டாப் இருந்தது. மகள் அனீஸாவுக்குப் பதினாறு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. விடுமுறைகளில் அப்பாவும் மகளும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கைப்பேச்சை உண்டாக்கியிருந்தார்கள். அவர் விமானம் ஏறியதும் அது நின்றுபோகும். போனில் அவர் பத்து நிமிஷம் சொல்வதை மனைவி ஜன்னத் பீவி இரண்டு சைகையில் முடித்துவிடுவாள். கேமரா உள்ள லேப்டாப் இருந்தால் மகளிடம் நேராகவே பேசலாம் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. அதைக் கையில் கொண்டுபோகச் சொன்னார்கள் அறையிலிருந்தவர்கள். அவர் கைப்பையை நம்பவில்லை, தன் கயிற்றுக்கட்டை நம்பினார்.

பிரித்தபோது மேலே ஒரு கீறல் இல்லை. சுவிட்சைப் போட்டதும் திரையின் வலது பக்கம் மை கொட்டினாற்போல் கறுத்திருந்தது. அனீஸா முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பஞ்சநதம் விளக்கினார்: உள்ளே இரண்டு மெல்லிய கண்ணாடி, நடுவில் திரவம், அழுத்தம் தாங்காது.

"பாய், இது விழுந்து உடையல. நீங்க கட்டினதுல உடைஞ்சிருக்கு."

"கொஞ்சம் தளர்த்திக் கட்டியிருந்தா?"

"பெட்டியில போட்டதே தப்புங்க. மடியில வச்சுக் கொண்டாந்திருக்கணும்."

இந்த மாடலுக்கு இங்கே திரை கிடைக்காது, வாங்கிய இடத்துக்கே கொண்டுபோங்கள் என்றார். கறுப்பு பரவும் என்றும் சொன்னார்.

கொண்டுபோனால் அவருடைய அடுத்த விடுமுறையில்தான் திரும்பி வரும், அதற்கு இரண்டு வருஷம். அனீஸா லேப்டாப்பை மடியைவிட்டு இறக்கவில்லை. மிச்ச இடம் போதும் என்று கைகாட்டினாள். அவரும் போதும் என்று நம்பினார். ஆசைப்பட்டதை நம்ப மனிதனுக்கு அத்தாட்சி தேவைப்படுவதில்லை. விட்டுவிட்டுப் போனார்.

இன்டர்நெட் இணைப்பு வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் அழைப்பை எடுக்கும் பட்டன் தெரியும் அளவுக்கு ஒரு மூலைதான் மிஞ்சியிருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஜெக்கரியா அழைத்தார். கேமராவுக்கு ஒரு கேடும் இல்லை. பெருநாள் உடுப்பில் மகள் பளிச்சென்று தெரிந்தாள். அத்தா வந்துட்டீங்களா என்று கையால் கேட்டாள். அவர் இரண்டு கையையும் தூக்கிப் பதில் சொன்னார். அவள் அதையே மறுபடி கேட்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியலங்க, இருட்டா இருக்கு," என்றாள் ஜன்னத் பீவி. "உங்க குரல் எனக்குத்தான் கேக்குது. என்ன சொல்லட்டும்?"

"அத்தா பாத்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு."

அம்மா சொல்வதைப் பார்க்க அனீஸா அந்தப் பக்கம் திரும்பினாள். ஜெக்கரியாவுக்கு அவள் பின்னல் மட்டும் தெரிந்தது. தூக்கிய கைகளை இறக்காமல், அவள் திரும்புவதற்காகக் காத்திருந்தார்.