மிதுலாவைப் படைத்த தவமலர் அக்கா

சிசிலியில், பலேர்மோவுக்குச் சற்று முன்னுள்ள பகேரியாவை விட்டு ரயில் புறப்பட்டதும் பரமேஸ் அண்ணையின் அழைப்பு வந்தது. "தம்பி, அவ போட்டா. விடியக்காலமை. உமக்குத்தான் முதல் எடுக்கிறன்" என்றார். அவருடைய மனைவி தவமலர் அக்கா நெடுநாளாக நோயில் இருந்தவர். செய்தி எதிர்பாராததல்ல. ஆனாலும் பலேர்மோ நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. பெட்டியைச் சுத்தம் செய்ய வந்த பெண் என் தோளைத் தொட்ட பிறகே இறங்கினேன்.

அக்காவை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். பலேர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு முதிய இத்தாலிய அம்மாவை, ஒரு சிஞ்ஞோராவை, பராமரித்தவராக உங்களில் சிலர் அவரை அறிவீர்கள். 'திங்கட்கிழமைக் கப்பல்' என்ற உளவு நாவலை எழுதியவராகப் பலர் அறிவீர்கள். நான் முதலில் அறிந்தது அவரது குரலைத்தான். புகலிடக் கோரிக்கையை விசாரிக்கும் அறையில் நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன். அந்த அறையில் கேட்டதை வெளியே சொல்ல எனக்கு உரிமையில்லை. புத்தக வெளியீட்டில் அவரே எல்லோர் முன்னும் சொன்னதால் இங்கே எழுதுகிறேன்.

போர் முடிந்து வன்னியிலிருந்து வந்திருந்தார். "நீங்கள் பயங்கரவாதியா?" என்று அதிகாரி கேட்டார். கேள்வியைத் தமிழில் சொன்னேன். அக்கா அதிகாரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "தம்பி, குண்டு விழேக்கை நான் பங்கருக்குள்ள இருந்தன். மேல நிண்டு போட்டவனை என்னெண்டு கூப்பிடுறது எண்டு அவையிட்டைக் கேட்டுச் சொல்லும்" என்றார். ஒரு சொல்லும் குறையாமல் அதை இத்தாலிய மொழியில் சொன்னேன். அதிகாரி அடுத்த கேள்விக்குப் போனார்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நான் ஒரு கதை எழுதிறன். உளவாளிக் கதை. நீர் வாசிச்சுப் பிழை சொல்லோணும்" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் சிஞ்ஞோரா உறங்கும் வேளையில், குசினி மேசையில் இருந்து, போனிலேயே அந்த நாவலை அவர் எழுதினார். பலேர்மோவுக்கு வரும் பயணிகள் கப்பலில், ஒரு லொறிக்குள் வெடிமருந்து இருக்கிறது. அதைத் தடுக்க இத்தாலிய அரசின் உளவுத்துறை மூன்று இளையவர்களைச் சேர்க்கிறது. ஒருத்தி மிதுலா. வன்னிப் பெற்றோருக்கு இங்கே பிறந்து, பதினெட்டு வயதில் குடியுரிமை பெற்றவள். மற்றவர்கள் துனீசிய மீனவரின் மகனும், கபோ சந்தையில் மீன் விற்பவரின் மகளும். சதிகாரர்கள் சந்தையில் எந்த மொழியில் கதைத்தாலும் இந்த மூவரில் ஒருவருக்காவது அது விளங்கும். அதுதான் அவர்களின் ஆயுதம்.

சதிகாரர்கள் யாரென்று கேட்டேன். அவர்களுக்கு நாடோ மதமோ அவர் எழுதியிருக்கவில்லை. "ஒரு ஊரின்ரை பேரைப் போட்டா, வாசிக்கிறவன் அந்த ஊர்ச் சனத்தைத்தான் வெறுப்பான். எனக்கு அது வேண்டாம்" என்றார்.

அவர் எதையும் நேரில் பாராமல் எழுதமாட்டார். ஒரு ஞாயிறு காலை துறைமுகத்தில், லொறிகள் கப்பலுக்குள் ஏறும் சரிவைப் படம் எடுத்துக்கொண்டு நின்றவரைப் பொலிஸார் கூட்டிப்போய்விட்டார்கள். இத்தாலிய மொழி அவருக்கு நன்றாகவே வரும். இருந்தும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு என்னை வரவழைத்தார். நான் போனபோது தன் நாவலின் கதையைப் பொலிஸாருக்குப் பாதிவரை சொல்லி முடித்திருந்தார். விசாரித்த அதிகாரியின் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "நடுக்கடலில் மிதுலா கீழ்த்தளத்துக்கு இறங்கி லொறியைத் திறக்கிறாள்" என்று அக்கா சொன்னதும் அதிகாரி கையை உயர்த்தினார். "முடியாது, சிஞ்ஞோரா. கப்பல் புறப்பட்டதும் வாகனத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "பாத்தீரே? நல்ல காலம், என்னைப் பிடிச்சவங்கள்" என்றார். அடுத்த வாரமே அந்த அத்தியாயத்தை அழித்து எழுதினார். புதிய அத்தியாயத்தில் மிதுலா கரையிலேயே லொறிக்குள் ஒளிந்துகொண்டாள். நாவலின் மிகச் சிறந்த பகுதி அதுதான்.

முடிவைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. சதிகாரர்களின் தலைவன் மிதுலாவின் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறான். வெடிக்கும் கருவி அவன் கையில். அவள் சுட வேண்டும், வாசகர் அதற்காகத்தான் காத்திருப்பார் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "சுடுறது லேசு. நான் கண்டிருக்கிறன். சுடாமல் நிப்பாட்டினால்தான் அவள் கெட்டிக்காரி." மிதுலா அவனோடு கதைக்கிறாள். அவனுடைய சொந்த மொழியில், அவன் தாய் கதைப்பது போல. அது எந்த மொழி என்று அக்கா எழுதவில்லை. மற்ற இருவரும் பின்னால் வந்து சேரும்வரை கதைத்துக்கொண்டே இருக்கிறாள். நாவலை மொழிபெயர்த்தவனும் நான்தான்; அந்தப் பக்கங்களை இத்தாலிய மொழியில் ஆக்கும்போதுதான் என் யோசனை எவ்வளவு மலிவானது என்று எனக்குத் தெரிந்தது.

அச்சுக்குப் போகும் நேரத்தில் சிக்கல் வந்தது. கால்சாவில் நம்மவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் செல்வம் அண்ணை எழுந்தார். அவருடைய தம்பியின் புகலிட வழக்கு அப்போது முடிவுக்குக் காத்திருந்தது. "பயங்கரவாதம் எண்ட சொல்லை வெள்ளைக்காரன் எழுதினாலே எங்களைத்தான் பாக்கிறாங்கள். நீங்களும் எழுதினா என்ரை தம்பியின்ரை கதி என்ன?" என்று கேட்டார். பலர் தலையசைத்தார்கள்.

அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். "அண்ணை, உங்கடை பயம் பொய்யில்லை. எனக்கும் இருக்கு" என்றார். "ஆனா நாங்கள் வாயை மூடினா அந்தச் சொல் போகாது. இந்தக் கதையில அதைத் துரத்திப் பிடிக்கிறதே எங்கடை பிள்ளைதான்."

"ஓம், விளங்குது. வழக்கு முடியுமட்டும் பொறுப்பியளோ?"

"பொறுக்கிறன்."

அவருக்கு நோய் இருப்பது அப்போதே தெரிந்திருந்தது. பரமேஸ் அண்ணையைத் தவிர வேறு யாருக்கும் அவர் சொல்லவில்லை. வருடத்துக்கு மேல் புத்தகம் காத்திருந்தது. எனக்குப் பொறுமை போய், "ஒரு கற்பனைக் கதையால் யாருடைய வழக்கும் தோற்காது அக்கா" என்று சொல்லிப் பார்த்தேன். "உமக்கும் எனக்கும் அது தெரியும். அந்தாளுக்கு நித்திரை வரவேணுமே" என்றார். வைத்தியசாலைக்குப் போய்வரும் நாட்களில்கூட ஒருமுறையும் அந்த வாக்கை மாற்ற அவர் நினைக்கவில்லை.

தம்பிக்குப் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குவதற்கான அனுமதி, கிடைத்த அன்று செல்வம் அண்ணை நேரே அக்கா வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த அக்கா தலையில் துணி கட்டியிருந்தார். அதைக் கண்டதும் செல்வம் அண்ணைக்கு நோய் விளங்கிவிட்டதாம். "எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி" என்றாராம். "சொன்னா நீங்கள் உடனை ஓமெண்டிருப்பியள். பேந்து உங்களுக்குத்தான் நித்திரை வராது" என்று சொல்லி, தேத்தண்ணி போட உள்ளே போனாராம் அக்கா. வெளியீட்டு விழாவில் கதிரைகள் அடுக்கியவரும், முன் வரிசையில் இருந்தவரும் செல்வம் அண்ணைதான்.

அன்று மண்டபத்தை நிரப்பியவர்கள் இளையவர்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் இத்தாலியப் பதிப்பைக் கையில் வைத்திருந்தார்கள். ஒரு பெண் எழுந்து, "அன்டி, மிதுலா கதைக்கிறது அப்படியே என்னை மாதிரி இருக்கு, அல்லோரா, அப்ப நீங்கள் என்னை ஒளிச்சு நிண்டு கேட்டனீங்களோ?" என்றாள். அக்கா சிரித்து, "பஸ்ஸில உங்களுக்குப் பின்னால இருந்து கேட்டனான்" என்றார். நம்முடைய பிள்ளைகள் ஒரு நாவலின் நாயகர்களாக நிற்பதை, அதுவும் இந்த நகரத்தைக் காப்பாற்றுகிறவர்களாக நிற்பதை, அவர்கள் அன்றுதான் முதல்முறை பார்த்தார்கள். நானும்தான்.

அவரோடு கடைசியாக வெளியே போனது ஒரு புத்தகக் கடைக்கு. 'வெளிநாட்டு இலக்கியம்' என்ற அலமாரியில் அவர் நூல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ச் சிசிலிய எழுத்தாளர்களின் அலமாரியில் செருகினார். கடைக்காரர் ஓடிவந்து, அது மொழிபெயர்ப்பு நூல் என்று விளக்கினார். அக்கா அமைதியாக இத்தாலிய மொழியில் சொன்னார்: "எழுதியது கால்சாவில். கதை நடப்பது கபோவில். எழுதியவள் வரி கட்டுவது பலேர்மோவில். வேறு எங்கே வைப்பீர்கள்?" கடைக்காரர் திரும்பிப் போனார். புத்தகம் அங்கேயே இருந்தது.

கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, தன் பெயர் அந்த வரிசையில் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். யாரிடமும் அனுமதி கேட்காத பார்வை. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பார்வையைத்தான்.