மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை

குல்சார் பேகத்தின் பிள்ளைகள் இருவரும் தலசீமியாவோடு பிறந்தவர்கள். உடம்பு தானாக நல்ல ரத்தத்தை உண்டாக்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றியாக வேண்டும். குல்சார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டினாள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் லீவு சொல்லிவிட்டு, மூத்தவன் ஜாஹித்தையும் சின்னவள் தபஸ்ஸுமையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறுவாள். கணவன் நூருல்லா காதர்பேட்டையில் கம்பெனிகள் கழித்த செகண்ட்ஸ் பனியன் விற்றான். கடையைப் போட்டுவிட்டு வர அவனுக்குத் தோதுப்படாது.

ஏற்றுகிற ரத்தத்தோடு உடம்பில் இரும்பும் சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியேற்ற மாத்திரை உண்டு. ஜாஹித் ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டான். 2003இல் அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சு படபடக்கிறது என்று தரையில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தான். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. பதின்மூன்றாம் நாள், மதியம் லுஹர் தொழுகை நேரத்தில், இறந்துபோனான்.

அடுத்த முறை தபஸ்ஸுமை ரத்தம் ஏற்றக் கூட்டிப் போனபோது குல்சார் வார்டு டாக்டரின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"போன மாசந்தானுங்க டாக்டர் பையனுக்கு எக்கோ எடுத்தீங்க. நல்லா இருக்குதுன்னு எழுதிக் கொடுத்தீங்க."

"எக்கோவுல துடிப்புதாம்மா தெரியும். இதயத்துக்குள்ள இரும்பு படிஞ்சிருக்கறது தெரியாது. துடிப்பு குறையறப்போ ரொம்ப லேட்டாகியிருக்கும்."

"முன்னாலயே பாக்க வழியில்லீங்களா?"

"எம்ஆர்ஐல பாக்கலாம். ஆனா இங்க யாரும் இதயத்துக்கு எடுக்கறதில்லம்மா."

அவள் அதை நம்பவில்லை. திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் எம்ஆர்ஐ என்று போர்டு வைத்த மூன்று ஸ்கேன் சென்டர்களில் ஏறி இறங்கினாள். மண்டைக்கு எடுப்போம், முதுகுக்கு எடுப்போம், முட்டிக்கு எடுப்போம் என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒருவர் மட்டும் உட்கார வைத்துப் பேசினார். "இதயம் ஆடிக்கிட்டே இருக்குமுங்க. அதைப் படம் பிடிக்கறதுக்குத் தனி சாஃப்ட்வேர் வேணும். அப்படியே எடுத்தாலும் பாத்துச் சொல்ல எங்ககிட்ட ஆளில்லீங்க."

2005இல் தபஸ்ஸுமின் இதயத்துக்கு எம்ஆர்ஐ எடுக்க இருவரும் சென்னைக்குப் போனார்கள். தேதி கிடைக்கவே நாலு மாதம் ஆகியிருந்தது. முழு இதயத்தையும் எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; ஒவ்வொரு படத்துக்கும் இருபது நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும். ரத்தம் குறைந்திருந்த பதினாலு வயதுப் பெண்ணால் அது முடியவில்லை. நாற்பது நிமிடத்தில் குழாய்க்குள்ளிருந்து வெளியே இழுத்துவிட்டார்கள். படமெல்லாம் கலங்கியிருக்கிறது, இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள்.

ரயிலில் திரும்பும்போது தபஸ்ஸும், "நான் மூச்சை விட்டுட்டேம்மா" என்றாள்.

குல்சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். உன் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து, கோயமுத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் புதிதாகச் சேர்ந்த டாக்டர் அபிராமி வார்டைத் தேடிக்கொண்டு வந்தார்.

"முழு இதயத்தையும் பாக்க வேண்டாம். இரும்பு படிஞ்சிருக்கா, எவ்வளவுன்னு மட்டும் பாத்தாப் போதும். பத்து நிமிஷந்தான். ஒரே ஒரு தடவ மூச்சைப் பிடிச்சாப் போதும்" என்றார் தாய்மார்களிடம். அதற்கான சாஃப்ட்வேரை அவரே முயன்று வாங்கிப் போட்டிருந்தார். சென்டர் முதலாளி ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் மெஷினைத் தரச் சம்மதித்திருந்தார். மணிக்கு ஆறு பேர். ஒருவர் லேட்டாக வந்தாலும் ஒருவருக்கு நேரம் போய்விடும்.

"நான் கூட்டிட்டு வர்றனுங்க" என்றாள் குல்சார்.

வார்டுக்கு வரும் எல்லாத் தாய்மார்களையும் அவளுக்குத் தெரியும். நோட்டில் பதினெட்டுப் பிள்ளைகளின் பெயரை எழுதினாள். மூன்று ஞாயிறு. முதல் பெயர் தபஸ்ஸும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து ஓவர்லாக் டெய்லராக இருந்த ஒச்சம்மாளின் மகள் நதியாவை மூன்றாவது ஞாயிற்றில் எழுதினாள். நதியாவுக்குப் பன்னிரண்டு வயது. வார்டில் ஓர் இடத்தில் உட்கார மாட்டாள்.

"நதியா நல்லாத்தான இருக்கறா. அவளுக்குக் கடைசி வாரம் பாத்துக்கலாமுங்க" என்றாள். ஒச்சம்மாள் தலையாட்டினாள்.

நன்றாக இருக்கிற பிள்ளையின் இதயத்தில் என்ன இருக்கும் என்பது குல்சாருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

கம்பெனி வேனைக் கேட்டு வாங்கினாள். முதல் ஞாயிறு, போகிற வழியெல்லாம் பிள்ளைகளுக்கு மூச்சுப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். அவள் எண்ண எண்ண ஆறு பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெஷினுக்குள் ஒருவரும் தவறவில்லை. ஆறு பேரும் ஐம்பத்தைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள்.

மறுவாரம் ரிசல்ட் சொன்னார்கள். ரிசல்ட்டில் ஓர் எண் இருக்கும்; இதயத்தில் இரும்பு கூடக் கூட அது குறையும். இருபதுக்கு மேல் இருந்தால் பயமில்லை. மூன்று பேருக்கு அப்படித்தான் இருந்தது. தபஸ்ஸுமுக்கு ஏழு. அந்த மூன்று பேரின் அம்மாக்கள் அழுது சிரித்ததைப் பார்க்க முடியாமல் குல்சார் வெளியே போய் படிக்கட்டில் உட்கார்ந்தாள். தபஸ்ஸும் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமாம்மா?"

"இருந்திருக்கும் கண்ணு."

அன்றே மருந்தை மாற்றினார்கள். மாத்திரையோடு, வயிற்றுத் தோலில் ஊசி குத்தி, இரும்பை இறக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் சின்ன பம்பு. ஒரு நாள் பம்பைக் கழற்றி வைத்தால் மறுநாள் படபடப்பு வரும்.

இரண்டாவது ஞாயிறும் ஆறு பேர் போய் வந்தார்கள். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை டாக்டர் அபிராமி போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமையும் முதுகுவலிக்காரர்களும் முட்டிவலிக்காரர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். மெஷினைத் தர முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். "வேற இடம் பாக்கறேன்மா" என்றார்.

ஐப்பசியில் நதியாவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, மூச்சுத் திணறல் விடவில்லை. ஒன்பது நாளில் போய்விட்டாள்.

குல்சார் துக்கம் கேட்கப் போனாள். ஒற்றை அறை வீடு. ஒச்சம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாக்கா. ஒக்காரு."

குல்சார் உட்காரவில்லை. "நதியா பேரைப் பின்னால எழுதுனது நான்தானுங்க" என்றாள்.

"தெரியும்" என்றாள் ஒச்சம்மாள். "நோட்டு எங்கையில இருந்திருந்தா நானும் எம்புள்ள பேரத்தான் மொதல்ல எழுதியிருப்பேன். அதுக்காக ஒன்னைய மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிராதக்கா. போயிட்டு வா."

பொங்கலுக்கு ஊருக்குப் போன ஒச்சம்மாள் திருப்பூருக்குத் திரும்பி வரவில்லை.

தபஸ்ஸும் உயிரோடு இருக்கிறாள். பம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு செக்கிங் வேலைக்குப் போகிறாள். ஏழு எட்டானதா, ஆறானதா என்று யாருக்கும் தெரியாது. மறுபடி எடுக்க இடம் கிடைக்கவில்லை. விடுபட்ட ஐந்து பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். போன மாதம் டாக்டர் அபிராமியும் குல்சாரும் பல்லடம் ரோட்டில் புதிதாகத் திறந்த ஒரு சென்டருக்குப் போனார்கள். முதலாளி அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் சொன்னதையெல்லாம் முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பார்க்கலாம் என்றார்.