தோன் ஆர்கெமிரோவை நிறுத்தியது நான்தான்

இன்று காலை நான் சந்தித்த பெரியவரைத் தோன் ஆர்கெமிரோ என்றுதான் எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். வயது அறுபத்து மூன்று. குவாசிமோவிலிருந்து சைபித்தா வரை பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்களே, அந்த ஏழு கிலோமீட்டரிலும் தினமும் சைக்கிள் ஓட்டியவர். "ஓட்டியவர்" என்று எழுதவே கை வரவில்லை. இன்று காலை ஏழரை மணி வரைக்கும் "ஓட்டுகிறவர்". நடுவில் குறுக்கே போனது நான். வீட்டுக்கு வந்து இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. அப்படியே உட்கார்ந்து அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவரைப் பற்றி. மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலை, இருபத்தேழு வருடம். எங்கள் பக்கத்து வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், மலையில் ஆணி அடித்து மாட்டின மாதிரி. ஒரு நாளைக்கு நூறு வீடு ஏறி இறங்குவாராம். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும் என்று எல்லாம் அத்துப்படி. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டு வாசற்படியில், கையில் நோட்டோடு நிற்கும்போது, கால் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எடு எடு என்று மனம் சொல்கிறது, கால் கேட்கவில்லை. அந்த வீட்டுக்காரம்மா ஏதோ திருட வந்தவன் முழிக்கிறான் என்று நினைத்தாளாம். பிறகு டாக்டர் பார்க்கின்சன் என்றார்.

அதன் பிறகு கட்டிலிலிருந்து வாசலுக்கு வரக் கால் மணி நேரம். நிலைப்படி வந்தால் நின்றுவிடுவார். குளியலறைக்குப் போக மகள் லுஸ் தாரி முன்னால் நின்று தாளம் போட்டால்தான் கால் நகரும். அவள் மெதெயின் நகரத்தில் தையல் ஆலை வேலையை விட்டுவிட்டு அப்பாவுக்காக ஊருக்கு வந்தவள். வீட்டில் இந்த இரண்டே பேர்தான்.

ஆனால் அவரால் சைக்கிள் ஓட்ட முடியும். இதை யாரும் நம்ப மாட்டார்கள், நானும் நம்பியிருக்க மாட்டேன். இந்த நோயில் சிலருக்கு அப்படித்தானாம். நடக்க வராது, பெடல் சுற்ற வரும். ஆனால் அதற்குச் சமதளம் வேண்டும். அந்தப் பஞ்சாயத்து முழுக்கத் தேடினாலும் சமதளம் என்று இருப்பது அந்த ஒரு பாதைதான். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது என்று அந்தக் காலத்தில் மலையைக் குடைந்து, ஓடைகளுக்குப் பாலம் போட்டுப் பாதை அமைத்தார்கள். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்றே தெரியாது. முட்டி வலிக்காரர்களும், ஐந்து வயதுக் குழந்தைகளும், நம் சைக்கிள் குழுவில் சோம்பேறிகளும் அங்கேதானே போகிறோம்.

அவருக்குக் கிளம்புவதும் நிற்பதும் மட்டும்தான் வராது. அதனால் இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். காலையில் லுஸ் தாரியும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரை நாற்காலியில் வைத்து அறுபத்தெட்டுப் படி இறக்கி, சைக்கிளில் ஏற்றி, சீட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டு பத்தடி கூடவே ஓடித் தள்ளிவிடுவார்கள். பிறகு அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். அந்த முனையில் கரும்புச் சாறு விற்கிற மார்லெனி அக்கா மணிச் சத்தம் கேட்டு ஓடி வந்து சைக்கிளைப் பிடிப்பாள். "வந்துட்டாருய்யா மாப்பிள்ள, குதிரைய விட்டு எறங்க மாட்டாராம்" என்று சொல்லிக்கொண்டே சாற்றை அவர் வாயில் வைப்பாள், சைக்கிளைத் திருப்பித் தள்ளிவிடுவாள். நடுவில் எர்னான் என்று ஒரு மாட்டுக்காரர், மேய்ச்சல் வேலியின் கேட்டைச் சரியாக அந்த நேரத்துக்குத் திறந்து வைப்பார். தோன் ஆர்கெமிரோ நசியோனால் கால்பந்து அணியின் பக்கம், எர்னான் மெதெயின் அணியின் பக்கம். நிற்க முடியாதே, அதனால் போகும்போது ஒருவர் ஒரு வரி திட்டுவார், வரும்போது மற்றவர் பதில் வரி. நாலு மாதமாக ஒரே கால்பந்துச் சண்டை.

அந்தப் பாதையில் எல்லோருக்கும் தெரியும், அவரை யாரும் நிறுத்தக் கூடாது என்று. எனக்குத் தெரியாது.

அவர் இரண்டு முறை விழுந்திருக்கிறார். முதல் முறை சுரங்கத்துக்குள் தேங்கிய தண்ணீரில். இரண்டாவது முறை கன்றுக்குட்டி குறுக்கே வந்து, மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் லுஸ் தாரி ஊட்டிவிட வேண்டியதாயிற்று. அப்போது அவள் கை நீட்டிச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மூன்றாவது முறை விழுந்தால் சைக்கிள் கிடையாது. அவரும் கை கொடுத்திருக்கிறார். பதினோரு மாதம் விழாமல் ஓட்டியிருக்கிறார்.

இன்று காலை ஐந்தாவது கிலோமீட்டர் அருகில் அவரைப் பார்த்தேன். மஞ்சள் சட்டை, முதுகு நிமிர்ந்து, மாமர நிழலில் அவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருந்தார். குழுவில் போட ஒரு படம் வேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"தள்ளிக்கம்மா, நிக்க முடியாது" என்றார்.

"நிக்க முடியாதா? பறக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு நான் சிரித்தேன். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். முந்திக்கொண்டு போய்ச் சைக்கிளைக் குறுக்கே திருப்பி, கைப்பேசியைத் தூக்கிக் காட்டினேன்.

என்மேல் மோதாமல் இருக்க அவர் பிரேக் பிடித்தார். ஒரு கால் தரையில் ஊன்றியது. அவ்வளவுதான். அடித்து இறக்கிய கம்பம் போல நின்றார். கைகள் மட்டும் நடுங்கின. "தள்ளி விடும்மா, சீட்டுக்குக் கீழ புடி" என்றார். நான் முதுகைப் பிடித்துத் தள்ளினேன். மூன்றடி போனார், சாய்ந்தார், கருங்கல் சல்லியில் விழுந்தார்.

முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "யாராச்சும் பாத்தாங்களா?"

அப்படியே தரையில் கிடந்தபடிதான் எல்லாவற்றையும் எனக்குச் சொன்னார். நோய், லுஸ் தாரி, சத்தியம், மூன்று. குரல் மிகச் சன்னமாக இருந்தது, காதை அருகில் கொண்டுபோக வேண்டியிருந்தது. பிறகு, "நீ விழுந்தேன்னு சொல்லிடு. சின்னப் புள்ள, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். சொல்கிறேன் என்று நான் அழுதுகொண்டே தலையாட்டினேன். வாய்க்கால் தண்ணீரில் ரத்தத்தைக் கழுவினேன். எர்னானைக் கூப்பிட ஓடினேன்.

எர்னான் வந்து அவரைத் தூக்கினார். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "படம் எடுக்க வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?"

சைக்கிளைக் குவாசிமோ பக்கம் திருப்பி, சீட்டுக்கு அடியில் பிடித்து ஓடினார் எர்னான். தோன் ஆர்கெமிரோவின் கால்கள் சுற்ற ஆரம்பித்தன. சைக்கிளில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு நோயே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். நான் பின்னாலேயே போனேன். சுரங்கத்தில் மணி அடித்தார், பாலத்தில் அடித்தார், ஒன்றுமே இல்லாத இடத்திலும் அடித்தார். கடைசி ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினார். இன்னும் மெதுவாக. சைக்கிள் ஆடுகிற அளவுக்கு மெதுவாக. ஊர் வந்துவிடக் கூடாது என்று ஓட்டுகிறார் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

லுஸ் தாரி படிக்கட்டின் கீழே நின்றிருந்தாள். சீக்கிரமே வந்த அப்பாவைப் பிடித்தாள். என்னைப் பார்த்தாள். நான் கேட்காமலேயே, நான்தான் விழுந்தேன், என் சைக்கிள் அவர்மேல் உரசிவிட்டது என்று வேகவேகமாகச் சொன்னேன். அவள் அவருடைய உள்ளங்கையைத் திருப்பினாள். சல்லித்துகள் தோலுக்குள் புதைந்திருந்தது. தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி ஒவ்வொன்றாக எடுத்தாள். எல்லாம் எடுத்து முடித்ததும், "மூணு" என்றாள்.

"அது விழுந்தது இல்லடி. இந்தப் பொண்ணு தள்ளி விட்டுச்சு."

"கன்னுக்குட்டி வந்தப்பவும் இதான்பா சொன்னீங்க."

"ஒரே ஒரு நாள். மார்லெனிகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"நாளைக்கும் இதேதான் சொல்லுவீங்க."

நானும் கெஞ்சினேன். தப்பு முழுக்க என்னுடையது, அவரைத் தண்டிக்காதே என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கோபமே இல்லை. "நீ மத்தியானம் உங்க ஊருக்குப் போயிடுவ. இடுப்பு ஒடஞ்சா அவரப் பொரட்டிப் போட நான் ஒருத்திதான் இருக்கேன். எனக்கும் முதுகு போச்சு" என்றாள்.

சீட்டுப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து அங்கேயே பெடலைக் கழற்ற ஆரம்பித்தாள். தினமும் யாரையாவது கெஞ்சிக் கேட்டு ஏறிவிடுவார் என்று அவளுக்குப் பயம். வலது பெடல் வந்துவிட்டது. இடது பெடல் வரவில்லை. முழு பலத்தையும் போட்டுத் திருகினாள், இன்னும் இறுகியது. கண்ணீரும் வியர்வையுமாக உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி மறுபடி அதே பக்கம் திருகினாள்.

சுவரில் சாய்ந்து நின்றவர், "எதிர்ப்பக்கம் திருப்பு. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம்" என்றார்.

அவள் எதிர்ப்பக்கம் திருப்பினாள். பெடல் கழன்று வந்தது.

நாற்காலியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். அறுபத்தெட்டுப் படி. பாதி வழியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், மேலே போய் மறுபடி கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த நோயில் முகமும் அசையாது. கோபமா, அழுகையா, ஒன்றும் இல்லையா, எனக்கு இப்போதும் தெரியவில்லை. ஜன்னல் பக்கத்தில் உட்கார வைத்தோம். அங்கிருந்து பாதை தெரியாது, மூங்கில் புதர் மறைக்கிறது. சைக்கிளில் போகிற பிள்ளைகளின் சத்தம் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது. லுஸ் தாரி எனக்கு வெல்லத் தண்ணீர் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

பிறகு சைபித்தா வரை ஓட்டிப் போனேன். மார்லெனி அக்கா ஒரு தம்ளர் சாற்றைத் தட்டால் மூடி வைத்துவிட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "அப்ப நாளைக்கு?" என்றாள். நாளைக்கும் இல்லை என்றேன். திரும்பிக்கொண்டு கரும்பு இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

குழுவில் இருக்கிற எல்லோருக்கும் இதை அனுப்புங்கள். குவாசிமோ பாதைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து பாதையோடு திரும்பிவிடாதீர்கள், அவரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். பழைய ஸ்டேஷன் கட்டடத்துக்குப் பின்னால் நீல வீடு. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு ஏறுங்கள், லுஸ் தாரி கதவைத் திறப்பாள். நாற்காலியை அவருக்கு மிக அருகில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர் குரல் கேட்காது. பத்து மணிக்குள் போய்விடுங்கள். அதற்குமேல் மாத்திரையின் வேகம் குறைந்து பேச்சு குழறும்.