சுவரில்லாத கதவு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்று அந்தக் கூடத்தில் இருட்டே இல்லை. அத்தனை விளக்குகளும் எரிந்தன, மாட்டியவனே நான்தான். அதனால் தைரியமாகச் சொல்கிறேன், இது எனக்கு நடந்தது.

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் மறுநாள் கண்காட்சி. முப்பது வருடங்களுக்கு முன் பஞ்சாலை தீப்பிடித்தபோது, வெளியே தாழ் போட்டிருந்த ஒரு கதவுக்குப் பின்னால் பத்தொன்பது பேர் கருகிப்போனார்கள். அந்தக் கதவையே தேடி வாங்கிவந்து, கூடத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார் ஓவியரம்மா. சுவர் கிடையாது. கதவும் நிலையும் மட்டும். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகலாம்.

விளக்கு வேலை எனக்கும் என் தங்கை கணவருக்கும். கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் கசிய வேண்டும் என்று ஓவியரம்மா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை ஒரு விளக்கோடு பின்னால் போய் உட்கார்ந்தார். “உங்க தங்கச்சியக் கட்டுன பாவத்துக்கு என்னைத் தரையில உட்கார வச்சிட்டீங்களே மச்சான்” என்று கிண்டல் வேறு.

கதவு ஆடிக்கொண்டே இருந்தது. ஆடினால் ஒளிக்கோடு நேராக விழாது. ஆடுவதை நிறுத்திவிட்டுத்தான் விளக்கைத் தொடுவோம். எங்கள் தொழில் பழக்கம் அது. யோசிக்கவே இல்லை. தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

மணி ஏழு பத்து. இடுக்கில் ஆரஞ்சு வெளிச்சம்.

“விளக்குல கலர் தாள் எதுக்கு ஒட்டுன மாப்ள?”

“நான் இன்னும் சுவிட்சே போடல...”

பஞ்சு கருகும் வாடை. இருமல். பிறகு... டொக். டொக்.

“மச்சான்... தாழத் திறங்க.”

சுற்றிக்கொண்டு ஓடினேன். பின்னால் யாரும் இல்லை. அணைந்த விளக்கு மட்டும்.

திரும்பி வந்தேன். இப்போது தட்டியது ஒரு கை இல்லை... பல கைகள்.

தாழ் அசையவில்லை. இரும்பு கொதித்தது. இழுத்தேன். உதைத்தேன். அலறினேன்.

“மச்சான்... பாப்பாவப் பார்த்துக்...”

அவ்வளவுதான்.

என் சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடிவந்தார். அவர் கை பட்டதும் கதவு சும்மா திறந்துகொண்டது. பின்னால் மாப்பிள்ளை குப்புறக் கிடந்தார்.

நுரையீரல் முழுக்கப் புகை என்றார் டாக்டர். அன்று அந்தக் கட்டடத்தில் ஒரு தீக்குச்சிகூட எரியவில்லை.

துக்கம் கேட்க ஓவியரம்மா வந்தார். தங்கை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. தாழ் போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஓவியரம்மா என்னையே பார்த்தார்.

“தாழ்ப்பாளா? அத தீ விபத்து வழக்குக்குன்னு போலீஸ்காரங்க அப்பவே கழட்டிட்டுப் போயிட்டாங்க. கதவுல வெறும் ஓட்டைதான் இருக்கு.”

தங்கை மெல்ல நிமிர்ந்தாள்.

“அப்ப நீ எதண்ணே போட்டே?”